உங்களுக்குத் தெரியுமா? அண்ணாமலை அடிவாரத்தில் காற்றின் கணக்கு

தீப மையும் தெருப்புகையும்

திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு ஏற்றப்படும் மகா தீபம் 11 நாள் எரிகிறது. சுமார் 3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டர் காடா துணித் திரி, ஆளுயரக் கொப்பரை. எரிந்து முடிந்தபின் கொப்பரையில் படிந்திருக்கும் கரியைச் சேகரித்து, ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். அதுதான் தீப மை.

டீசல் வண்டியின் புகையிலும், விறகடுப்பின் புகையிலும், கரும்புச் சோகை எரியும் புகையிலும் இருப்பது இதே கரித்துகள்தான். ஆனால் 3,500 கிலோ நெய் எரிந்தும் ஊர் மூச்சுத் திணறுவதில்லை. தீபம் எரியும் இடம் ஊரிலிருந்து ஏறத்தாழ 2,000 அடி உயரம். அங்கே எழும் புகையைக் காற்று அங்கேயே அள்ளிக்கொண்டு போய்விடும். தெருமுனையில் இரவு எட்டு மணிக்குக் கொளுத்தப்படும் ஒரு கூடைக் குப்பை அப்படிப் போவதில்லை. எவ்வளவு எரிகிறது என்பதோடு எந்த உயரத்தில், எந்த நேரத்தில், எந்த மாதத்தில் எரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் காற்று பிடிபடும்.

மேற்கே மலை, கிழக்கே ஊர்

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையின் உச்சி சுமார் 2,670 அடி. சுற்றிலும் சமவெளி. அதன் நடுவே தனித்து நிற்கும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அருணாசலேஸ்வரர் கோயில். கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரும் பெரும்பாலும் கிழக்கே. இந்த அமைப்பால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, மாலையில் மலையின் நிழல் முதலில் விழுவது கோயிலை ஒட்டிய தெருக்களில். கிழக்கே தள்ளியிருக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே தரை ஆறத் தொடங்கிவிடுகிறது. தரை ஆறினால் அதை ஒட்டிய காற்றும் ஆறும். புகை தங்குவதற்கான ஏற்பாடு அந்தத் தெருக்களில் சற்று முன்னதாகவே தொடங்கிவிடும்.

இன்னொன்று, கார்த்திகை முதல் தை வரை மெல்ல வீசும் வடகிழக்குக் காற்று நேராக வந்து முட்டுவது மலையின் கிழக்கு முகத்தில்தான். குளிர்ந்த காற்று கனமானது. வேகமும் இல்லையென்றால் அதற்கு மலை ஏறும் வலு கிடையாது. இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் சுற்றித்தான் போகும். முட்டும் இடத்தில் அது தயங்கி நிற்கிறது. அந்த இடத்தில்தான் ஊர் இருக்கிறது.

இரவில் ஏன் புகை நகர மறுக்கிறது?

பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழ, மேலே இருப்பது கீழே இறங்க, இந்தக் கலக்கம் ஒரு கிலோமீட்டர், கோடையில் இரண்டு கிலோமீட்டர் உயரம்வரை நடக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் விடும் புகைக்கு அவ்வளவு பெரிய இடம் கிடைக்கிறது.

பொழுது சாய்ந்ததும் கதை மாறுகிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று. வழக்கத்துக்கு நேர்மாறான இந்த அடுக்கை வெப்பத் தலைகீழாக்கம் என்பார்கள். சட்டிமேல் மூடி வைத்தது போல, கீழே எழும் புகை அந்த வெதுவெதுப்பான அடுக்கைத் தாண்ட முடியாமல் அப்படியே பக்கவாட்டில் பரவும். மார்கழி, தை மாத இரவுகளில் இந்த அடைப்பு சில நூறு அடி உயரத்திலேயே விழுந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். தை மாதம் ஒரு நாள் பொழுது விடியும் நேரத்தில் மலைமேல் ஸ்கந்தாசிரமம் போகும் பாதையில் பாதி ஏறி நின்று ஊரைப் பாருங்கள். ராஜகோபுரம் 217 அடி. அதன் மேல்நிலைகள் தெளிவாகத் தெரியும். அடிநிலையும் சுற்றியுள்ள வீடுகளும் சாம்பல் நிறப் படலத்துக்குள் இருக்கும். படலத்தின் மேல்விளிம்பு ஏரித் தண்ணீர் போலச் சமமாக இருக்கும். டீக்கடை அடுப்பின் புகை நேராக எழுந்து, ஓர் உயரம் வந்ததும் சட்டென்று படுத்துக்கொள்ளும். அடைப்பு விழுந்திருக்கும் உயரம் அதுதான்.

சரிவுகளிலிருந்து இரவில் குளிர்காற்று வழிந்து இறங்குவதையும் அந்தப் பாதையில் நடப்பவர்கள் காலில் உணரலாம். அது ஓடை வழியே இறங்கிப் பள்ளமான கழனிகளிலும் ஏரிகளின் உள்வாயிலும் தேங்கும். பனி முதலில் இறங்குவதும் கடைசியில் கலைவதும் அங்கேதான். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் செங்கல் சூளையோ குப்பை மேடோ இருந்தால் அதன் புகையும் அங்கேதான் தங்கும்.

மார்கழி அதிகாலையில் ஓசோன்?

மார்கழி விடியலில் ஓசோன் தரையிறங்குகிறது, அதனால்தான் அதிகாலையில் எழுந்து கோலம் போடச் சொன்னார்கள் என்று ஆண்டுதோறும் யாராவது சொல்கிறார்கள். அன்போடு சொல்லப்படும் செய்திதான், ஆனால் உண்மை இல்லை. நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். தரைமட்டத்தில் உருவாகும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் ஒரு மாசு. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வேறு சில ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து அதை உண்டாக்குகின்றன. வெயில் வேண்டும் என்பதால் அது உச்சம் தொடுவது பிற்பகலில். மிகக் குறைவாக இருப்பது விடியலில்.

விடியலில் அதிகமாக இருப்பது வேறொன்று. இரவெல்லாம் தங்கிய நுண்துகள். அதிகாலையில் எழுவதும் கோலம் போடுவதும் நல்ல பழக்கமே. அவற்றுக்கு ஓசோன் காரணம் தேவையில்லை. ஆஸ்துமா உள்ள பாட்டியையும் இழுப்பு உள்ள குழந்தையையும் மட்டும் பனி விலகும்வரை வீட்டுக்குள் இருக்கச் சொல்லுங்கள்.

ஏழரை மணி நெடி

வெயில் வந்தும் ஏழு, எட்டு மணிக்குத்தான் சில நாள் புகை நெடி அதிகமாக அடிக்கும். கவனித்திருக்கிறீர்களா? இரவில் உயரமான புகைபோக்கிகளிலிருந்து வெளியேறி அடைப்புக்கு மேலே தங்கியிருந்த புகை, காலையில் தரை சூடேறிக் கலக்கம் தொடங்கியதும் முதல் வேலையாகக் கீழே இறங்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம் அது. பத்து மணிக்குமேல் கலக்கம் வலுத்துவிட்டால் நெடி போய்விடும்.

அறுவடையும் அடைப்பும் ஒரே மாதத்தில்

சம்பா நெல் அறுப்பு தை, மாசியில். கரும்பு வெட்டும் ஆலை அரைப்பும் மார்கழியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை போகும். வெல்லம் காய்ச்சும் கொப்பரைகள் பொங்கலுக்குமுன் இரவு பகலாக எரியும். கரும்புச் சக்கைதான் விறகு. செங்கல் சூளைக்கும் மழையில்லாத மாதங்களே காலம். ஆக, ஆண்டில் எந்த மாதங்களில் காற்று புகையைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதே மாதங்களில்தான் வேளாண்மை அதிகப் புகையை உண்டாக்குகிறது. யாரும் திட்டமிட்டதல்ல. பருவமழை முடிந்தால்தான் அறுப்பு, பருவமழை முடிந்தால்தான் தெளிந்த இரவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சோகையை ஏன் மாலையில் கொளுத்துகிறார்கள்?

கரும்பு வெட்டியபின் வயல் முழுக்கக் காய்ந்த சோகை கிடக்கும். அதைக் கொளுத்தும் விவசாயி பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். காரணம் நியாயமானது: அப்போது காற்று அடங்கியிருக்கும். பகல் காற்றில் பொறி பறந்து பக்கத்துக் கரும்பில் விழுந்தால் ஊரில் நிற்க முடியாது. தீக்கு எது பாதுகாப்பான நேரமோ, அதுவே மூச்சுக்கு மிக மோசமான நேரம். இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளாமல் விவசாயியைத் திட்டுவதில் பயனில்லை.

கொளுத்தாமல் இருப்பதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்ப்போம். ஒரு ஹெக்டேர் கரும்பில் ஏறத்தாழ 10 டன் சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து 0.35 முதல் 0.42 சதவீதம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் தரும் கணக்கு. அதாவது 35 முதல் 42 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், இது ஏறத்தாழ இரண்டு 45 கிலோ மூட்டை யூரியாவுக்குச் சமம். கொளுத்தினால் இதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது முக்கியமாகச் சாம்பல்சத்துதான்.

சோகையைப் பார் இடைவெளியில் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும். மக்க வைப்பதென்றால் சாணக்கரைசலோ மக்கச்செய்யும் நுண்ணுயிர்க் கலவையோ வேண்டும், ஈரம் வேண்டும், சில மாதங்கள் வேண்டும். டிராக்டரில் மாட்டிச் சோகையைத் தூளாக்கும் கருவி இருக்கிறது. வாடகைக்குக் கிடைத்தால் வேலை ஒரு நாளில் முடியும். மறுதாம்புக் கரும்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய அவசரத்தில் இருப்பவர் கையில் அந்தக் கருவி நேரத்துக்கு வந்து சேர வேண்டும். தீப்பெட்டி சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது, கருவிக்காகப் பத்து நாள் காத்திருக்கச் சொல்வது நடக்காது. கூட்டுறவுச் சங்கமும் ஆலையும் அறுவடை முறையோடு சேர்த்தே இந்தக் கருவிக்கும் முறை போட்டுக் கொடுத்தால் நடக்கும்.

வைக்கோல் தப்பித்தது எப்படி?

பஞ்சாப் வயல்கள் எரிவதுபோல் நம் நெல் வயல்கள் எரிவதில்லை. இங்கே மாடு வைக்கோல் தின்கிறது, வைக்கோலுக்கு விலை இருக்கிறது, அவ்வளவுதான். அறுவடை இயந்திரம் போனபின் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் வயலில் இறங்குகிறது. கட்டு ஒன்றுக்கு இன்ன விலை என்று அங்கேயே பேசி முடிக்கிறார்கள். பால் மாடு வைத்திருக்கும் வீடுகள் இந்த ஊர்க் காற்றுக்குச் செய்திருக்கும் உதவியை யாரும் கணக்கெடுத்ததில்லை.

நூறு கிலோ நெல்லில் நான்கு கிலோ சாம்பல்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போனது. நெல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கலுக்கு நீராவி தரும் கொதிகலனில் அந்த உமியே எரிபொருள். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். ஆக, நூறு கிலோ நெல்லுக்கு இருபது கிலோ உமி, நான்கு கிலோ சாம்பல். ஒரு லாரி நெல் பத்து டன் என்றால் சாம்பல் 400 கிலோ.

இந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்குமேல் சிலிகா. நன்றாக அமைத்த ஆலையில், புகை வெளியேறும் வழியிலேயே சுழலவிட்டுத் துகளைப் பிரித்தெடுக்கும் கருவி அதைப் பிடித்துவிடும். கருவி இல்லாத, அல்லது பழுதாகிக் கிடக்கும் ஆலையின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கறுப்புப் புள்ளி, மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் தூள், கண்ணில் உறுத்தல். வேட்டியில் விழும் பெரிய துகளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சுக்குள் போவது மோசமானது.

அதே சாம்பலைச் செங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் சேர்க்கலாம், உருக்காலைகளும் வாங்குகின்றன. பிடித்தால் சரக்கு, விட்டால் மாசு.

துகளின் அளவு

நுண்துகளை இரண்டு வகையாக அளக்கிறார்கள்: 10 மைக்ரானுக்கு உட்பட்டது, 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். சாலைப்புழுதி, கல் உடைக்கும் கிரஷர்த் தூசி, மல்லாட்டை உடைக்கும் மில்லின் தூசி ஆகியவை பெரும்பாலும் பெரிய வகை; மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். எரிவதிலிருந்து வரும் புகையோ சிறிய வகை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும்.

போகி

ஆண்டின் மிக மோசமான அடைப்பு விழும் மாதத்தில், மிக மோசமான நேரமான அதிகாலையில், ஊரே ஒன்றாகக் கொளுத்துகிறோம். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே முடக்கின. பல விமானங்கள் ரத்தாயின, பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் அது சில நிமிடப் புகை. இன்று எரிவது டயர், பிளாஸ்டிக், ரெக்சின், பாலியஸ்டர். இந்த விழாவைக் கோடைக்கு மாற்ற முடியாது. டயரை எடுத்துவிட்டாலே பெரிய சுமை குறையும்.

தீபாவளிப் பட்டாசு நேரம் பற்றியும் ஒன்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்ட, தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தது. பழக்கத்துக்கு ஒத்த நேரம்தான். ஆனால் காற்றின் கலக்கத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு மணியுமே புகை அகலாத நேரம். ஐப்பசி மழை பல ஆண்டுகளில் நம்மைக் காப்பாற்றிவிடுகிறது.

வடக்கிலிருந்து வரும் புகை

நம் புகையை மட்டும் நாம் சுவாசிப்பதில்லை. 1999-இல் இந்தியப் பெருங்கடலில் நடந்த இன்டோயெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து கிளம்பும் பழுப்புப் படலம் வடகிழக்குக் காற்றில் ஏறிக் கடல்மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவுவதையும், அதன் தடிமன் மூன்று கிலோமீட்டர் வரை இருப்பதையும் காட்டியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன். தை மாசியில் நம் வானம் நீலம் மங்கி வெளுத்துத் தெரிவதில் அந்தப் படலத்துக்கும் பங்குண்டு. ஆடியில் காற்று மேற்கிலிருந்து திரும்பியதும் இந்த வரத்து நின்றுவிடும்.

கத்திரியில் நிலைமை

சித்திரை, வைகாசியில் கலக்கம் உயரம் போவதால் நுண்துகள் நெருக்கம் குறைகிறது. பதிலுக்கு இரண்டு தொல்லை. பிற்பகல் ஓசோன் ஒன்று. மற்றொன்று மலைத்தீ. அண்ணாமலைச் சரிவிலும் ஜவ்வாது மலையிலும் மாசி முதல் புல் காய்ந்து நிற்கும். அண்ணாமலையில் எலுமிச்சை மணம் வீசும் புல் ஆளுயரம் வளரும். அதில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் ஒரு பொறி போதும். யாரோ வீசிய பீடியோ, அணைக்காமல் விட்ட கற்பூரமோ காரணமாகலாம். பல பத்தாண்டுகளாக இந்த மொட்டை மலையில் மரம் நட்டு வருபவர்கள், கோடைக்கு முன்பே புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கோடையும் அவர்கள் காக்கும் கன்றுகள் தப்பிப் பிழைத்ததால்தான் சரிவின் சில பகுதிகளில் இன்று நிழல் இருக்கிறது.

கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் இது. வலுத்த நாள்களில் கடற்காற்று நூறு கிலோமீட்டர் வரையும் உள்ளே வரக்கூடும். கோடையில் இருட்டியபின் திடீரென்று கிழக்கிலிருந்து ஈரமான காற்று வந்து தொட்டால், புதுச்சேரிக் கரையில் மதியம் கிளம்பியது அது.

ஆடிக்காற்று

அம்மியை நகர்த்தும் காற்றில் புகை நிற்காது. புழுதி எழும், கண் எரியும், வாயில் மண் கடிக்கும். ஆனால் நெஞ்சுக்கு இது மார்கழியைவிட நல்ல மாதம். ஒரு விதிவிலக்கு: மேற்குக் காற்று மலையைச் சுற்றி வரும்போது அதன் மறைவில், அதாவது ஊர்ப்பக்கத்தில், காற்று சுழன்று திரும்பும் இடங்கள் உண்டாகும். குப்பையை எரித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று அங்கே சொல்லவே முடியாது.

மழை எதைக் கழுவும்?

மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் மழை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமும் கிட்டத்தட்டச் சமபங்கு தருவது இந்தப் பகுதிக்கு வாய்த்த வரம். கடலோர மாவட்டங்கள் பலவற்றுக்கு ஆவணிக்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். ஆனால் மழை எல்லாத் துகளையும் ஒன்றுபோலக் கழுவுவதில்லை. பெரிய துகள் துளியில் மோதி விழும். மிகமிகச் சிறியது அலைந்து துளியில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ளது, துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு சேர்ந்து வழுக்கித் தப்பிவிடுகிறது. புகைத்துகளில் பெரும்பகுதி இந்த அளவு. ஒரு தூறல் போட்டதும் காற்று சுத்தமாகிவிட்டது என்று தோன்றினாலும் புகை இன்னும் இருக்கும். பல மணி நேரம் நின்று பெய்யும் ஐப்பசி அடைமழைதான் உண்மையான கழுவல்.

கிரிவலப் பாதையில் ஒரு புளிய இலையையோ புங்கன் இலையையோ மழைக்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். விரல் சாம்பல் நிறமாகும். மழைக்குப் பின் பாருங்கள், பச்சை. அந்தத் தூசியை மரம் பிடிக்கவில்லை என்றால் நடப்பவர் மூக்கு பிடித்திருக்கும். பாதையை அகலப்படுத்த மரம் வெட்டிய விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதன் அருமை அந்த விரலில் தெரியும்.

கருவில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும்

தமிழ்நாட்டுத் தாய்மார்களிடமிருந்தே கிடைத்த சான்று இது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவும் கிராமமும் நகரமும் கலந்த 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் தாய் சுவாசிக்கும் 2.5 மைக்ரான் துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது. நான்கு கிராம் அற்பம் என்று தோன்றும். ஆனால் விறகடுப்புப் புகை பத்து மைக்ரோகிராமோடு நிற்பதில்லை.

அடுத்து வந்தது ஹேப்பின் என்ற பெரிய ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளிலும் தலா 800 கர்ப்பிணிகள் என 3,200 பேர். இந்தியப் பகுதி நடந்தது நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியிலும் நாகப்பட்டினத்திலும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் வழக்கமான விறகடுப்பு. தாய் சுவாசித்த நுண்துகள் விறகடுப்பு வீடுகளில் சுமார் 71 மைக்ரோகிராம், எரிவாயு வீடுகளில் சுமார் 24. அது பெரிய வெற்றி. ஆனால் 2022-இல் வெளிவந்த முடிவில் பிறப்பு எடையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பம் தரித்தபின் அடுப்பை மாற்றுவது தாமதமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் அதை அப்படியே வெளியிட்டது நல்ல அறிவியல்.

இதில் நம் ஊருக்கு ஒரு செய்தி உண்டு. சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வாசலில் மூட்டும் விறகடுப்பு அதிகாலை ஐந்து மணிக்கு எரிகிறது. அடைப்பு மிகத் தாழ்வாக இருக்கும் நேரம். அடுப்படியில் குனிந்து ஊதுபவர் பெரும்பாலும் மருமகள்தான்.

பௌர்ணமி நடை

கிரிவலம் 14 கிலோமீட்டர். வேகமாக நடக்கும்போது நாம் இழுக்கும் காற்று, உட்கார்ந்திருப்பதைப்போல் மூன்று மடங்குக்குமேல். பௌர்ணமியில் லட்சக்கணக்கானோர், ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள், எண்திசை லிங்கங்களிலும் கற்பூரம். தெளிந்த வானமும் அசையாத காற்றும் நிலாவுக்கு அழகு. அவைதான் அடைப்புக்கும் ஏற்றவை. நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் பனிக்கால பௌர்ணமிகளில் பின்னிரவைத் தவிர்த்து, மாலை வெயில் இருக்கும்போதே கிளம்பி நடையை முடித்துவிடலாம். பௌர்ணமி திதி பெரும்பாலும் பகலிலும் நீளும்.

நட்சத்திரம் பார்க்கத் தேர்ந்த மலை

ஜவ்வாது மலைத்தொடரில் காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, பெருநகர வெளிச்சமும் தூசியும் எட்டாத தூரம். சமவெளியின் புகைப்படலத்துக்கு மேலே நிற்பது வானியலுக்கும் தேவை.

சராசரி மறைப்பது

இந்தியத் தரவரம்பு: 2.5 மைக்ரான் துகள் 24 மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15-ம் 5-ம். நாட்டின் தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. அதன் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. திருவண்ணாமலை போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இவற்றின் சராசரி வரம்புக்குள்ளேயே இருக்கலாம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 20 மணி நேரம் 40 மைக்ரோகிராம், மாலை இரண்டு மணி நேரமும் காலை இரண்டு மணி நேரமும் 150 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 58. வரம்புக்குள் வந்துவிட்டது. அந்த நான்கு மணி நேரம் எதுவென்று பார்த்தால், பிள்ளைகள் தெருவில் விளையாடும் நேரம், பெண்கள் அடுப்படியில் இருக்கும் நேரம், பால்காரரும் பூக்காரரும் வேலைக்குப் போகும் நேரம்.

சிறிய விவசாய ஊருக்கு வேண்டியது பெருநகரத் திட்டத்தின் சிறிய நகல் அல்ல, மார்கழி முதல் மாசி வரைக்கான ஒரு நேர ஒழுங்கு. மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை குப்பைக்கும் சோகைக்கும் தீ வைக்காமல் இருப்பது முதல் வேலை. அப்படிச் சொல்லும் முன்பு, பகலில் சோகையை எடுக்கக் கருவியும் குப்பையை எடுக்க வண்டியும் வந்திருக்க வேண்டும்.